இரண்டு நொடி, ஓர் இருமல்

இன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீசிலிருந்து வெளியுலகத்தைத் துண்டித்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துண்டிப்பதுதான். சோதனை முடியும்வரை, வெளியிலிருந்து வரவேண்டிய பதில்களுக்கு மாற்றாக நான் எழுதிவைத்த பதில்கள் வரும்.

எங்கள் கம்பெனியின் மென்பொருள் ஆஸ்பத்திரிகளிடம் கேள்வி கேட்கும். படுக்கை இருக்கிறதா, நோயாளி எப்படி இருக்கிறார் என்று. ஒவ்வொரு சோதனைக்கும் நிஜ ஆஸ்பத்திரியைத் தொந்தரவு செய்ய முடியாது. அதனால் ஆஸ்பத்திரி மாதிரியே பதில் சொல்ல ஒன்று வேண்டும். அந்தப் போலியை மாக் என்போம். மாக் எழுதுவது என் வேலை.

நான் முதலில் எழுதிய மாக் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. ‘சுசீலா, வயது நாற்பது’ என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கும். யாராவது வயதை நாற்பத்தொன்று ஆக்கினால் திரை சிவப்பாகிவிடும், சோதனை தோல்வி என்று. தேறினால் பச்சை.

“கொஞ்சம் வளைஞ்சு குடுக்கற மாதிரி எழுதுங்க தனபால்,” என்றார் டீம் லீட் பூங்கோதை.

வளைத்தேன். எந்தப் பெயர் வந்தாலும் சரி என்று எழுதினேன். எந்த வயதும் சரி. கடைசியில் எந்தக் கேள்வியும் சரி என்று எழுதிவிட்டேன். கேட்பவரின் பெயரைப் பிடித்து நன்றி சொல்லவும் கற்றுக்கொடுத்தேன். நிஜம்போல இருக்கட்டும் என்று பதிலுக்கு முன்னால் இரண்டு நொடி தாமதம் வைத்தேன். பிறகு ஓர் இருமல். இருமல் என் சொந்த யோசனை. அதற்காக எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது என் மனைவி எழிலரசியிடமிருந்து செய்தி வந்தது. இதய வால்வு ஆபரேஷனுக்காக நேற்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நாளைக்கு என்றிருந்த ஆபரேஷன் இன்றைக்கே என்றாகிவிட்டதாம். நாளைவரை தாங்காதாம். நான் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். டாக்டர் நாலு மணிவரைதான் இருப்பார். வருகிறேன் என்று நான் பதில் அடிப்பதற்குள் துண்டித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இரண்டு நொடி. இருமல்.

“நோயாளி நலம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

“நான் எழிலரசி வீட்டுக்காரன் தனபால் பேசறேங்க. அவகிட்ட போனைக் குடுங்க.”

“நன்றி தனபால் அவர்களே. நோயாளி நலம்.”

“உசுரோட இருக்காளா?”

“நோயாளி நலம்.”

“உங்க ஆஸ்பத்திரி தீப்பிடிச்சு எரியுதுங்க!”

“நன்றி தனபால் அவர்களே. நோயாளி நலம்.”

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். என்னை இரண்டும் சேர்ந்து சுட்டன.

பூங்கோதையிடம் ஓடினேன். அவருடைய மேசை எட்டு மேசை தள்ளி இருக்கும். எட்டைத் தாண்டினேன். இன்னும் பன்னிரண்டு இருந்தன. அதையும் தாண்டினேன். போய்ச் சேர்ந்தபோது கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

“வெளி லைனை ஒரு நிமிஷம் குடுங்க மேடம். எம்பொண்டாட்டி செத்துருவா.”

“அதுக்கு ஃபார்ம் இருக்குதுங்க. வெளியாள் ஒருத்தர் கையெழுத்துப் போடோணும்.”

“வெளியாளுக்கு நான் எங்க போறது?”

“வெளியாளுக்கும் நீங்கதான மாக் எழுதியிருக்கீங்க?”

ஃபார்மை மேசையில் வைத்தேன். இரண்டு நொடி கழித்து அது இருமியது. கையெழுத்து விழுந்திருந்தது.

பூங்கோதை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “மாக் கையெழுத்துங்க. இதைக் காட்டி மாக் வெளியிலதான் போக முடியும். லைனெல்லாம் தர முடியாது.”

எந்த வெளியாக இருந்தால் என்ன என்று லிஃப்டில் இறங்கினேன். காவலாளி ஃபார்மைப் பார்த்துக் கதவைத் திறந்தார். தெரு இருந்தது. வெயிலும் ஓர் ஆட்டோவும் இருந்தன. டிரைவர் என்னைப் பார்த்தார். இரண்டு நொடி பார்த்தார். இருமினார்.

“ஏறுங்க சார். அஞ்சு நிமிஷத்துல போயிரலாம்.”

ஏறினேன். இன்ஜின் உறுமியது. தெரு அப்படியே இருந்தது. நடந்துபோன ஒரு பெண்மணி எங்களைத் தாண்டிப் போனார்.

“நகரவே இல்லையேப்பா!”

“அஞ்சு நிமிஷத்துல போயிரலாம் சார்.”

“எங்க போகணும்னாவது தெரியுமா?”

“அஞ்சு நிமிஷத்துல போயிரலாம் சார்.”

ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இந்த டிரைவரையும் நான்தான் எழுதியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில்.

மேலே திரும்பி வந்தேன். மணி மூன்று ஐம்பது. என் சீட்டில் உட்கார்ந்து மாக் முழுவதையும் அழித்தேன். ஒரு வரி மிச்சம் வைக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

பூங்கோதை பின்னால் வந்து நின்றார். “அழிச்சுட்டீங்களா? இனி யாரு பதில் சொல்றது?”

“யாரும் சொல்ல வேண்டாம். நிஜம் பேசட்டும்.”

“அதெப்படிங்க? கேள்வின்னு வந்தா பதில் போயாகோணும்,” என்றார். என் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

போன் அடித்தது. எடுத்தேன்.

“என்னங்க,” என்றாள் எழிலரசி.

தாமதம் இல்லை. இருமல் இல்லை. அவள்தான். மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டினார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“எங்க இருக்கீங்க? டாக்டரு கெளம்பறாருங்க. நீங்க வர்றீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வர்றீங்கன்னா அவரை நிக்கச் சொல்றேன்.”

வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்தான். இரண்டு நொடி எதுவும் வரவில்லை. பிறகு இருமினேன்.

“நன்றி எழிலரசி அவர்களே. நோயாளி நலம்.”

“யாருங்க பேசறது? எங்க வீட்டுக்காரரு குரல் மாதிரியே இருக்குது. அவருகிட்ட குடுங்க.”

நான்தான் எழில், நான்தான். உள்ளுக்குள் கத்தினேன். கத்தியது தொண்டைக்கு வந்ததும் இருமலாகியது.

“நோயாளி நலம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

என் திரை பச்சையாகியது. பக்கத்துத் திரைகளும் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. தூரத்தில் பூங்கோதை கைதட்டினார்.

“வேணுங்க,” என்றாள் அவள். “அவரு வேணும்.”

இரண்டு நொடி.