நிறம் வராத இடம்

அன்று அந்த ஸ்கேன் அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். வயிற்றின் மேல் துணியை விலக்கிக்கொண்டு படுத்திருந்த மகள். அவள் தலைமாட்டில் முதுகு வளையாமல் நின்ற அப்பா. கால்மாட்டில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அத்தை. திரையின் முன்னால் ஸ்கேன் டாக்டர். ஐந்தாவது ஆள் கதவுக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தார். மகளின் அண்ணனுக்கு மாமியார். உள்ளே வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை, வாருங்கள் என்று இவர்களும் சொல்லவில்லை.

அப்பா நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் சங்கிலிக்காரர்தான். அவர் நட்ட எல்லைக் கல்லை எவரும் பிடுங்கியதில்லை. அவர் எழுதிக் கொடுத்த அளவை எந்த நீதிமன்றமும் அடித்துத் திருத்தியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் வாசலுக்கு வரமாட்டார். தன் குடும்பத்தைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே வாழ்ந்தவர் மாதிரி இருப்பார்.

மகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். படுப்பதற்கு முன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி அப்பா கையில் கொடுத்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்பு மைதானத்தில் வாந்தி எடுத்து விழுந்தபோதும், கூட வேலை பார்ப்பவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோதும், அது கழுத்தில்தான் கிடந்தது.

டாக்டர் பசை தடவிய கருவியை வலது அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். "மூச்சை இழுத்துப் பிடிங்க."

"நான் தினமும் பசங்களுக்குச் சொல்றது டாக்டர் இது. இன்னைக்கு என் முறை."

"பேசாம பிடிடி. வயித்துல ஒண்ணும் தங்கலைன்னாலும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்றாள் அத்தை. தாயில்லாத பெண்ணைத் தூக்கி வளர்த்தவள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ நெளிந்தன. டாக்டர் இரண்டு புள்ளிகளை வைத்து அவற்றுக்கிடையே கோடு இழுத்தார். "குடலோட சுவர் எட்டு மில்லிமீட்டர். மூணுக்குள்ள இருக்கணும்." சங்கிலிக்காரருக்கு அந்த அறையில் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

"காலையில எடுத்த பெரிய ஸ்கேன்ல குடல் எங்க சுருங்கியிருக்குன்னு தெரிஞ்சுது சார். ஏன் சுருங்கியிருக்குன்னு இப்பப் பாக்கறோம். வீக்கமா இருந்தா அங்க ரத்தம் நிறைய ஓடும். திரையில ஒரு பெட்டி வரும், அதுக்குள்ள சிவப்பும் நீலமுமா மினுக்கும். அப்படின்னா மருந்து கேக்கும்."

"மினுக்கலைன்னா?"

"பழைய புண்ணு ஆறி ஆறித் தழும்பாயிருக்குன்னு அர்த்தம். தழும்புக்கு மருந்து கேக்காது. அந்த இடத்தை வெட்டித்தான் எடுக்கணும்."

ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியாயிற்று. மூன்று வருடத்துக்கு முன்பு. உறவில் எல்லோரிடமும் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வாயை அடைத்தவர் சங்கிலிக்காரர்தான். இன்னும் ஓரடி குடல் போனால் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஓட்ட வேண்டும் என்று பெரிய டாக்டர் நேற்றே சொல்லியிருந்தார். மகளுக்கு வயது இருபத்தேழு.

"குடல் புண்ணுக்குப் போட்டுக்கிட்டிருந்த ஊசியை நிறுத்தி எவ்வளவு நாளாச்சும்மா?"

"பதினாலு மாசம்."

"ஏன் விட்டீங்க?"

மகள் கூரையைப் பார்த்தாள். அத்தை முந்திக்கொண்டாள். "ஊசின்னாலே பயம் டாக்டர் இவளுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

சங்கிலிக்காரர் விசிலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

பதினான்கு மாதத்துக்கு முன்புதான் மகனுக்குச் சம்பந்தம் முடிவானது. மணப்பெண்ணின் அம்மாவுக்கு வேலை இதே ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வருகிறவர்கள் அந்தக் கவுண்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். "பரம்பரை வியாதியான்னு கேப்பாங்க பாப்பா. அண்ணன் கல்யாணம் முடியட்டும். ரெண்டே மாசம்," என்றார் இவர். "விடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேப்பா," என்றாள் அவள். "நான் சொல்றேன்ல." அடுத்த ஊசிக்கு அவள் போகவில்லை. கல்யாணம் முடிந்தது. பிறகு விருந்து, பிறகு மருமகள் உண்டானாள், பிறகு சம்பந்தி வீட்டார் வாராவாரம் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் தாண்டட்டும் என்று இருந்தார். இடையில் ஒரு நாள்கூட அவள், எப்போது போகலாம் என்று கேட்கவில்லை. அவள் கேட்காததை, வலி இல்லை என்று இவர் எடுத்துக்கொண்டார். மைதானத்தில் விழுந்த பிறகு நாலு பேருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. 'ஊசிக்குப் பயம்' என்று அத்தை எடுத்துவிட்டாள். தன் கண்ணெதிரே தப்பான இடத்தில் கல் நடப்பட்டதைப் பார்த்தும் சங்கிலிக்காரர் பேசாமல் நின்றார்.

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையின் நடுவே சதுரமாக ஒரு பெட்டி விழுந்தது. உள்ளே வெறும் சாம்பல். கருவியைச் சாய்த்தார், நகர்த்தினார், மீண்டும் அழுத்தினார். சாம்பல்தான். விசிலைப் பிடித்திருந்த கை இறுகியது. பெட்டியின் ஓரத்தில் சட்டென்று ஒரு சிவப்பு துடித்தது.

"அதோ! அதோ டாக்டர்!" சங்கிலிக்காரரின் அந்தக் குரலை அத்தையே கேட்டதில்லை. அண்ணனை அண்ணாந்து பார்த்தாள்.

"அது பக்கத்துல ஓடற ரத்தக்குழாய் சார். குடல் இங்க இருக்கு." டாக்டரின் விரல் நிறமில்லாத இடத்தைத் தொட்டது. "அழுத்தினாலும் அசையலை. கல்லு மாதிரி இறுகியிருக்கு. பெரிய ஸ்கேனும் இதையேதான் சொல்லுது."

பிறகு மகள் கேட்டாள். அப்பாவின் பக்கம் திரும்பாமல், ரொம்பச் சாதாரணமாக, மணி என்ன என்று கேட்பதுபோல:

"ரெண்டு மாசத்துலயே வந்திருந்தா நிறம் வந்திருக்குமா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா." டாக்டர் பசையைத் துடைக்கக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "வந்திருக்கலாம்."

மகள் பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சங்கிலிக்காரர் விசிலை நீட்டினார். உள்ளங்கையில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதைக் கவனித்தாள். "நீங்களே வச்சிருங்கப்பா," என்றாள்.

வெளியே சம்பந்தியம்மா எழுந்து நின்றார். "மனசை விடாதீங்க சம்பந்தி. ஊசிக்குப் பயந்து விட்டுட்டாளாமே, எங்க கவுண்டர்லகூட அதைத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. படிச்ச பொண்ணு, இவ்வளவு பயமா?"

"வாங்கண்ணே, போலாம்," என்று அத்தை அவர் முழங்கையைத் தொட்டாள்.

சங்கிலிக்காரர் நகரவில்லை. மகள் இரண்டடி தள்ளி, சுவரில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அவ பயப்படலைம்மா," என்றார். "நான்தான் விடச் சொன்னேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு. கவுண்டர்லயும் அப்படியே சொல்லிடுங்க."