மூன்றாவது சீல்

வண்டி கடைக்கு வந்தது புதன்கிழமையா, வியாழக்கிழமையா என்பது தேவதாஸுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மழை பெய்து ஓய்ந்த காலை என்று ஒரு ஞாபகம். அதுவும் பிற்பாடு மனம் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். அன்று நடந்தவற்றின் வரிசைகூட ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கொஞ்சம் இடம் மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: அந்த வண்டி அவருக்குப் புதிதல்ல.

முத்தியால்பேட்டையில் அவருக்கு ஒரு ஷட்டர் அளவில் மெக்கானிக் கடை. வண்டி குருசுக்குப்பத்து மீனவர் காத்தவராயனுடைய மோட்டார் சைக்கிள், இருபத்திரண்டு வருடப் பழசு. முதல் தடவை, செயின் பக்கம் ஆயில் ஒழுகுகிறது என்று வந்தது. முன் பல்சக்கரத்துக்குப் பின்னால், ஆயிலை வெளியே விடாமல் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். பன்னிரண்டே நாளில் திரும்பி வந்தது.

“என்னா மெக்கானிக்கு, போட்ட சீலு பச்சப்புள்ள மாரி ஒழுவுது?”

“வண்டிக்கு வயசாயிடுச்சுப்பா. அடக்க முடியல அதால,” என்றார் தேவதாஸ்.

காத்தவராயன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி பாக்யலட்சுமி மீன் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். “சிரிச்சது போதும், சீக்கிரம் விடுங்கண்ணே. ஐஸு உருகுது,” என்றாள். அரை மணி நேரத்தில் இரண்டாவது சீலைப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள், பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கியது. காத்தவராயனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் போட்டு உட்கார்ந்திருந்த பாக்யலட்சுமிக்கு சாலையோரக் கல்லில் தலை மோதியது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பின்டயர் முழுக்க ஆயில் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்று நாள் கழித்து வண்டியை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவன் அவளுடைய தம்பி செம்மல். காத்தவராயன் அவன் பின்னால் நின்றார்.

“எங்க கண்ணு முன்னாடியே பிரி,” என்றான் செம்மல். “நீ ஒழுங்கா போடலன்னு மட்டும் தெரிஞ்சுது, இந்தக் கடை ஷட்டரு இனிமே ஏறாது. குப்பத்துலேர்ந்து ஒரு வண்டி உங்கிட்ட வராது.”

“பாக்காம நான் என்னா சொல்றது?”

“பாரு. நாங்க எங்கயும் போவல.”

கடையின் பாதி வேலை குப்பத்து வண்டிகள்தான். ஆனாலும் அந்த மூன்று நாளாக தேவதாஸை அரித்தது வேறு. இரண்டாவது சீலை உட்காரவைத்தபோது நேராகத் தட்டினோமா, அவசரத்தில் கோணலாக இறங்கிவிட்டதா? எவ்வளவு யோசித்தாலும் தன் கைகள் செய்த அந்த ஒரு காரியம் மட்டும் கண்முன் வரவில்லை.

ஒழுகுகிற எஞ்சினில் எங்கே பார்த்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஆயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாது. டீசலை பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டுக் கழுவினார். காற்றடித்து உலர்த்தினார். பிறகு குழந்தைக்குப் போடுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினார்.

“பொணத்துக்குப் பூசற மாரி பூசறான்,” என்றான் செம்மல். காத்தவராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேவதாஸ் கிக்கரை உதைத்து வண்டியை ஓடவிட்டார். மூவரும் அந்த வெள்ளையையே பார்த்தபடி நின்றார்கள். மேலே காய்ந்தே இருந்தது. கிளட்ச் மூடியும் காய்ந்தே இருந்தது. ஆறேழு நிமிடம் போயிருக்கும். பல்சக்கரத்துக்குக் கீழே பவுடர் சாம்பல் நிறமாகி, கறுத்து, ஒரு கோடாக இறங்கியது.

“உன் சீலுதான்,” என்றான் செம்மல் மெதுவாக.

தேவதாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினார். கையிலிருந்து போல்ட் நழுவி உருண்டது, எடுக்கத் தோன்றவில்லை. சீல் ஒரு பக்கம் வெளியே பிதுங்கியிருந்தது. நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோணலாக இறங்கியிருந்தால் உள்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். இதன் விளிம்பு புதுசாகவே இருந்தது. அப்படியென்றால் உள்ளேயிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது.

ஓடும் எஞ்சினுக்குள் சேர்கிற காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதன் மேல்முனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது. குழாயை முழுக்க உருவி எடுத்தார். இடதுபக்கக் கால்மிதிக்குப் பின்னால் மறைந்திருந்த மறுமுனை கல்லாக அடைபட்டிருந்தது. படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் பசை.

தேவதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதால் வந்த சிரிப்பு.

“இந்தா பாரு! என் மேல தப்பில்ல. காத்து போற வழிய அடைச்சு வச்சா அது சீலத்தான் தள்ளும். எந்த அறிவுகெட்ட ஜென்மம் பண்ணுச்சோ!”

செம்மல் குழாயைப் பிடுங்கி ஸ்குரூ டிரைவரால் குத்தினான். பசை உடைந்து உள்ளேயிருந்து சுருட்டி வைத்த துணி வந்தது. பச்சையில் மஞ்சள் கட்டம் போட்ட சேலைக் கிழிசல்.

காத்தவராயன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். விரலால் நீவி விரித்தார்.

“உக்காந்து வந்தா இந்தக் கொழாயிலேர்ந்து சேலையெல்லாம் ஆயில் சொட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா,” என்றார். “வண்டி மொத தடவ கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, மீன்புடி தடைக்காலத்துல படகுக்குப் பசை பூசனம்ல, மிச்சத்த வாங்கிட்டுப் போயி அவளே அடைச்சா. சொட்டறது நின்னுடுச்சு பாருன்னு கூப்ட்டுக் காட்டனா. நீயே மெக்கானிக் கடை வைக்கலாம்டின்னு நானும் சொன்னேன்.”

ஒழுகுகிற இடத்தை அடைப்பது கரையில் பிறந்த எல்லோருக்கும் கையோடு வந்த பழக்கம். படகில் அது உயிரைக் காக்கும்.

அந்த இடத்தில் தேவதாஸ் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. போட்ட சீல் பன்னிரண்டு நாளில் போனால், ஏன் போனது என்று பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. குழாயை ஊதிப் பார்க்க அரை நிமிடம் போதும். அவர் ஊதவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பக்கத்தைத் துடைத்தபோது, கெட்டியான அந்த முனை விரலில் இடறியதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. அல்லது, வந்ததாகத் தோன்றியது.

“அப்ப உன் வேலைல ஒண்ணும் கொறையில்ல?” என்று கேட்டான் செம்மல்.

தேவதாஸ் பழந்துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சீலு சரியாத்தான் இருந்துச்சு,” என்றார். அது பொய் இல்லை.

காத்தவராயன் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அவகிட்ட இத சொல்லாத, செம்மல்.”

“அவ மொதல்ல கண்ணத் தொறக்கட்டும் மாமா.”

அன்று மதியமே தேவதாஸ் மூன்றாவது சீலைப் போட்டார். சுத்தியலால் எண்ணி எண்ணித் தட்டினார். புதுக் குழாய் மாட்டி, மறுபடியும் பவுடர் தூவி, அரை மணி நேரம் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

பாக்யலட்சுமி பதினோராம் நாள் கண் திறந்தாள். பேச்சு திரும்பியது, வலது கையும் காலும் திரும்பவில்லை. ஏதோ ஒரு சண்டையில் செம்மல் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “எனக்கு நானே செஞ்சிக்கிட்டேன்,” என்று சொல்கிறாள். காத்தவராயன் வண்டியை விற்றுவிட்டார். காலையில் அவளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டு, முடிந்த நாளில் கடலுக்குப் போகிறார். செம்மல் குப்பத்து வண்டிகளை இன்னும் தேவதாஸிடமே அனுப்புகிறான். கடை நன்றாக நடக்கிறது. தேவதாஸ் ஒரு முறைகூட அவளைப் பார்க்கப் போகவில்லை.