பாஸ்தா வேகும் நேரம்

பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கக் காரில் கிளம்பியவர்கள்: என் தங்கை எர்சிலியா, அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட குவால்தியேரோ, பின் சீட்டில் நான். என்னை எர்சிலியாதான் இழுத்து வந்தாள். ஏன் என்று பெட்ரோல் பங்கில் அவன் இறங்கியதும் சொன்னாள்.

"இன்னைக்கு அவன் கேப்பான். நான் முடியாதுன்னு சொல்லப்போறேன். அப்புறம் வீடு வரைக்கும் அவன்கூடத் தனியா உக்காந்து வரணுமே. அதுக்குத்தான் நீ."

"நல்லவன்தானே?"

"நல்லவன்தான். ஆனா வாயைத் திறந்தா யாருக்காகவும் நிறுத்தமாட்டான்."

உண்மைதான். கூனேயோ நகரம் தாண்டியதும் பூசணிக்காய் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதன் எஞ்சினைப் பற்றி விளக்கினான். வளைவில் ஒரு நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. ஹார்ன் அடித்தான். அது எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கமாகத் திரும்பிப் படுத்தது. நாயைப் பற்றியும் விளக்கினான்.

"நைட் ஷிப்டைத்தான் விட்டுட்டியே மச்சான், இன்னும் என்ன பகல் தூக்கம்?" என்றான் என்னிடம்.

"அவன் இன்னும் உனக்கு மச்சான் ஆகல," என்றாள் எர்சிலியா.

குன்றின்மேல் இருந்த அந்தச் சிறு தேவாலயத்தை அடைந்தபோது நடுப்பகல் மணி அடித்தது. சாவி எதிர்வீட்டு டெல்ஃபினாவிடம் இருந்தது. ஏப்ரனில் கை துடைத்தபடி வந்து திறந்தாள்.

"பாஸ்தாவைத் தண்ணில போட்டாச்சு. அது வேகற வரைக்கும் பாருங்க. வெந்ததும் என் வீட்டுக்காரர் கூப்பிடுவார், நான் பூட்டிடுவேன்."

உள்ளே சுவர் முழுக்கப் புனிதர்களின் ஓவியங்கள். ஒருவருக்கு மாறுகண். குவால்தியேரோ இடது மூலையிலிருந்து ஒவ்வொருவராக விளக்கிக்கொண்டு வந்தான். பிறகு திடீரென்று முழங்காலிட்டான்.

"எர்சிலியா, உன்னை முதல்முதலா பார்த்த அன்னைக்கு மழை..."

மழையிலிருந்து ஆரம்பித்தால் இருட்டிவிடும் என்று நினைத்தேன். எப்படியோ விஷயத்துக்கு வந்து சேர்ந்தான்.

"நான் கேக்க வந்தது என்னன்னா..."

"டெல்ஃபினா, வெந்தாச்சு!" எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல்.

டெல்ஃபினா சாவியோடு வாசலில் வந்து நின்றாள். குவால்தியேரோ வாயை மூடினான். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான்.

"வாங்க போகலாம். பாஸ்தா கொழஞ்சிடும்."

எர்சிலியா நகரவில்லை. "கேட்டு முடிச்சிட்டுப் போ."

"அப்புறம் கேக்கறேன். அங்க ஒரு மனுஷன் தட்டு முன்னாடி காத்துட்டிருக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மாறுகண் புனிதரைப் பார்த்தேன். அவர் யாரைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"சரி," என்றாள் எர்சிலியா.

"என்ன சரி?"

"நீ கேக்காம விட்டியே, அந்தக் கேள்விக்கு."

அவன் வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. அன்று அதுதான் முதல் முறை.

"முத்தமெல்லாம் வெளிய வச்சுக்கோங்க," என்ற டெல்ஃபினா, அசையாமல் நின்றவனைத் தோளைப் பிடித்துப் படிக்குத் தள்ளிவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.