பூட்டிய காருக்குள் கருகமணி

வாலிநோக்கத்தில் பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது யும்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் தனியாக ஓட்டி வந்துவிட்டாள்! அந்த மிதப்பிலேயே முக்காட்டைச் சரிசெய்தாள், செல்போனை எடுத்துக்கொண்டாள், பழைய காரில்லையா, கதவின் குமிழை அமுக்கி ஓங்கிச் சாத்தினாள். சாவி சீட்டில் சொகுசாகக் கிடந்தது. பக்கத்திலேயே கருகமணி டப்பா.

கொழுந்தன் இஃப்திகாருக்கு இன்று நிக்காஹ். அது முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் போய் மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்ட வேண்டும். "வேன்ல ஒரே கூட்டம், தொலைச்சிருவாளுக. நீ கார்ல பத்திரமாக் கொண்டு வா" என்று மாமியார் உம்மு ஹபீபா இவளிடம் கொடுத்திருந்தார். பத்திரம்தான், யாராலும் தொட முடியாத பத்திரம்!

இன்னொரு சாவி குவைத்தில் இருந்தது. யும்னாவின் புருஷன் சதக் விடுமுறை முடிந்து போகும்போது பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போனான். தம்பி இஃப்திகாரிடம் விட்டுப்போன இந்தச் சாவியும், கார் கெட்டுப்போகாமல் அவ்வப்போது இன்ஜினைப் போட்டு அணைக்க மட்டும்தான். சதக்குக்குத் தெரியாமல் யும்னாவை டிரைவிங் பழக அனுப்பியவர் மாமியார். கார் ஓட்டுவதென்றால் இப்போது அவளுக்கு உயிர். சதக்குக்குத் தெரிந்தால் அதோடு போச்சு. கண்ணாடியை உடைத்துவிட்டு அவனிடம் எப்படி மறைப்பது?

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கம்பியை வளைத்து உள்ளே விட்டார், கம்பி கதவுக்குள் மாட்டிக்கொண்டது. இன்னொருவர் இரும்பு ஸ்கேலைச் செருகியதில் ரப்பர்தான் பிய்ந்தது. மெக்கானிக்கைக் கேட்டால், வந்துசேர சாயங்காலம் அசர் தொழுகைக்கு மேல் ஆகிவிடும் என்றார்.

அதற்குள் மாமியார் வேகமாக வந்தார். "நிக்காஹ் முடிஞ்சிருச்சு. பொண்ணு குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கு. கருகமணியையா மறந்துட்டு வந்தாகன்னு அவுக சனம் பேச ஆரம்பிச்சிட்டாக."

யும்னாவுக்குச் சுருக்கென்றது. தன்னால் அந்தப் பெண் முதல் நாளே பேச்சுக் கேட்பதா? சமையல் பந்தலுக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். பிறகு சதக்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"கார் எப்படி வாலிநோக்கத்துல நிக்கிது? யாரு ஓட்டுனா?"

"நாந்தான் மச்சான். சாவியும் கருகமணியும் உள்ள மாட்டிக்கிருச்சு."

"நீயா? ஏ, இரு, கண்ணாடியில கை வச்சிராத. நான் வேற வழி..."

"உங்கள்ட்ட கேக்கக் கூப்பிடல மச்சான். சொல்லிட்டுச் செய்யணும்னுதான் கூப்பிட்டேன்."

போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பின்கதவுக் கண்ணாடியில் குழவியால் ஒரே போடு போட்டாள். கண்ணாடி கலகலவென்று கொட்டியது. கைவிட்டுக் கதவைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மாமியார் போனை அவள் கையில் திணித்து, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

யும்னா போனைப் பார்த்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

"கையில கிழிச்சிருச்சா?" என்றான் சதக்.

"இல்ல மச்சான்."

"உப்பளத்துக்கிட்ட ஒரு வளைவு வருமே. அதுலயுமா நீ ஓட்டுன?"

"ஆமா. கியர ரெண்டுக்கு எறக்கித்தான் திருப்புனேன்."

பிறகு படம் ஆடியது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டான் போல, குவைத்தில் அவனும் கூட்டாளிகளும் தங்கியிருந்த அறையின் கூரை தெரிந்தது. அணைக்க மறந்திருந்தான். அறைக்குள் அவன் குரல் கேட்டது.

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்கடா! எங்க வீட்டுல ராம்நாட்டுலருந்து வாலிநோக்கத்துக்குத் தனியா கார் ஓட்டிட்டு வந்திருக்கா. அந்த வளைவுல நானே ஒருக்கா வண்டிய வாய்க்கால்ல எறக்கிட்டேன். இவ ரெண்டாவது கியர்ல திருப்பிருக்காடா!"