பெனருக்குப் பின்னால் இருந்தவர்கள்

பதுளை பஜாரில் பைக் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முன்ஸிபின் தங்கச்சி ஆதிலாவைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் குறைவு. பொம்பளப் பிள்ளை இப்படி பைக்கில் பறக்கிறாளே என்று வாய் நிறையப் பேசியவர்களும் காலப்போக்கில் ஓய்ந்து, தங்கள் வண்டிச் சத்தத்துக்கு அவளிடமே வைத்தியம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்புத்தளையில் ஹோட்டல் நடத்தும் ஜெயராசா முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, உல்லாசப் பயணிகளுக்குக் காட்ட ஒரு படம் எடுக்கிறோம். அம்பது பைக் பதுளையில இருந்து அப்புத்தளைக்குப் போகுது. நீங்கதான் முன்னுக்குப் போகணும்."

ஆதிலாவுக்குக் கசக்குமா? ஒன்றே ஒன்று கேட்டாள். பின்னால் யசோதினியை ஏற்றிக்கொள்ள வேண்டும். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

யசோதினி பக்கத்துத் துணிக்கடையில் வேலை செய்பவள். ஆதிலாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். யசோதினியின் அம்மா வள்ளியம்மை பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். போன வருசத்துக்கு முந்தின வருசம் மலை சரிந்து அவர்கள் குடியிருந்த லயத்தை மண் மூடிவிட்டது. உயிர் தப்பிய குடும்பங்களை ரோட்டோரத்தில் தகரக் கொட்டகைகளில் வைத்து, ஆறே மாதத்தில் வீடு என்றார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. பைக்குகள் அந்த வழியாகத்தான் போகின்றன என்றதும், அம்மாவுக்குச் சீனி வருத்தத்து மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு ஒரு எட்டுப் பார்த்துவரலாம் என்று யசோதினி லீவு எடுத்தாள்.

காலையில் பதுளை ஸ்டேஷன் வாசலில் அம்பது பைக்கும் ஒன்றாக உறுமியபோது, பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கைதட்டினார்கள். ஹாலிஎல தாண்டியதும் வெயில் மலைகளில் ஏறியது. தெமோதரைப் பக்கம் ரயில் பாதை கூடவே வந்து, பிறகு மரங்களுக்குள் நுழைந்துகொண்டது. பண்டாரவளை டவுனில் பேக்கரி வாசனை. அங்கிருந்து பூனாகலை ரோட்டில் இறங்கியதும் குளிர்காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதைக் கடித்தது. இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்தது. ஆதிலா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

"அந்த ஆலமரம் தாண்டினா எங்க இடம், மெதுவாப் போடி" என்றாள் யசோதினி.

ஆலமரம் வந்தது. கொட்டகைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே, ரோட்டோரம் முழுக்க நீளமாக ஒரு துணிப் பெனர். அதில் பச்சைப் பசேலென்று தேயிலை மலை, நீல வானம், 'எழில் ஊவா உங்களை வரவேற்கிறது' என்ற எழுத்து.

"எங்க வீடு எங்கடி?" யசோதினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மறுபடியும் சரிஞ்சிருச்சா?"

ஆதிலா பிரேக்கை அழுத்தினாள். யசோதினி இறங்கி ஓடி, "அம்மா!" என்று கத்தினாள். பெனருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இங்கதாண்டி இருக்கேன். கத்தாத."

"வெளிய வாங்களேன்!"

"பைக்கெல்லாம் போய் முடியிற வரைக்கும் தலைகாட்ட வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. பைப்பும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

ஆதிலாவுக்கு உச்சந்தலை கொதித்தது. தேயிலையின் படத்தைக் கட்டி, தேயிலை பறிக்கிறவர்களை மறைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு போகத்தான் தன்னை முன்னுக்கு விட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பின்னால் வந்த பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது. ஜெயராசா ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"என்ன தங்கச்சி இது? கேமரா ஓடிட்டிருக்கு!"

"ஓடட்டும். இதைக் கட்டினது யாரு?"

"படம் வெளிநாடெல்லாம் போகுது. அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னுதான்..."

"எது அசிங்கம்? இந்தச் சனமா? இவங்கள இந்தத் தகரத்துக்குள்ள போட்டுவச்சது அசிங்கமாத் தெரியல்லியா உங்களுக்கு?"

"அதுக்கு நான் என்ன செய்ய? வீடு கட்டிக் குடுக்கிறது என் வேலையா?"

யசோதினி அவர் முன்னால் வந்து நின்றாள். கடையில் சேலை விரித்துக் காட்டும்போது பேசுவதைவிடக் கூடுதலாக அவள் சத்தம் எழும்பி அன்று வரை யாரும் கேட்டதில்லை. "வீடு நீங்க கட்ட வேணாங்க. இல்லாதத இருக்கிற மாதிரியும், இருக்கிறவங்கள இல்லாத மாதிரியும் காட்டாதீங்க. எங்கம்மா இன்னும் உசுரோடதான் இருக்காங்க."

"விடுங்கம்மா, சண்டை வேணாம்" என்றாள் பெனருக்குப் பின்னாலிருந்து வள்ளியம்மை. "எங்களுக்குப் பழகிப் போச்சு."

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆதிலாவால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் முதல் கம்பத்துக் கயிற்றைப் பற்றி இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை. பண்டாரவளைக்காரன் அர்ஷாத் தன் பைக்கை ஓரம்கட்டி, டூல் பையிலிருந்து கத்தியோடு வந்தான். "நேரம் போகுது, வழியை விடுங்க" என்று பின்னாலிருந்து சிலர் முனகினார்கள். சிலர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். மலையும் வானமும் மடிந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தன.

உள்ளே வரிசையாகச் சனம் நின்றது. கையில் வெறும் குடங்கள். வள்ளியம்மைதான் முதலில் ரோட்டைக் கடந்து பைப்பைத் திறந்தாள். குடம் நிறையும் வரை பைக்கில் வந்த அத்தனை பேரும் காத்து நின்றார்கள்.

பிறகு மற்றவர்கள் அப்புத்தளைக்குப் போனார்கள். ஆதிலாவும் யசோதினியும் போகவில்லை. படம் வெளிவந்தபோது அதில் அந்த வளைவும் இல்லை, ஆதிலாவும் இல்லை. ஜெயராசாவின் ஹோட்டல் வண்டிகள் முன்ஸிபின் கடைக்கு வருவது நின்றது. "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று முன்ஸிப் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "மெய்யாவே தண்ணியையும் சேர்த்தா மறிச்சாங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஜெயராசாவைத் திட்டிய திட்டில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீடு மட்டும் வரவில்லை. அடுத்த கிழமை வள்ளியம்மையை ஏற்றிக்கொண்டு ஆதிலா வீடு விசயமாகப் பதுளை அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். அதிகாரி ஐயா கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த மாதம் வாங்க என்றார்கள். அடுத்த மாதமும் போனார்கள். அதற்கடுத்த முறை அர்ஷாத்தும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்துகொள்ள, கொட்டகைக்கு ஒருவராக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பைக்குகள் வரிசையாகப் பதுளைக்கு மலையிறங்கின.

மழை தூறியது. ஹாலிஎல வளைவில் ஆதிலா வேகத்தைக் குறைத்தாள். பின்னாலிருந்து வள்ளியம்மை அவள் தோளில் தட்டினாள்.

"என்னா புள்ள இப்புடி ஊர்ற? வெரசாப் போ. பழகிப்போச்சுன்னு சும்மா கெடந்தது போதும். இன்னிக்கு அந்தாளு எந்திரிச்சுப் போறதுக்குள்ள புடிச்சிரணும்."

ஆதிலா கியரை மாற்றினாள்.