உடனே சொன்ன சரி

"தலையாட்டிட்டாரு! பாத்தீங்கதானே அம்மா, தலையாட்டிட்டாரு!" என்று போனுக்குள்ளிருந்து கத்தினான் றொட்னி.

கட்டாரிலிருக்கும் மகனின் முகத்தைக் கட்டிலில் கிடந்த புருஷன் அந்தோனியின் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள் கிறேஸ். அவர் நெஞ்சில் சளி கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா அப்பா?" என்று மகன் கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் அந்தத் தலை ஆடிவிட்டது.

"பிறகென்ன? கம்பளையில நம்ம கூட்டாளி ஒருத்தன் அம்புலன்ஸுக்குச் சொல்லிட்டான். இப்ப வந்துரும். அப்பாட உடுப்பெல்லாம் எடுத்து வைங்க."

கிறேஸ் போனை மகளிடம் கொடுத்துவிட்டு அலுமாரியைத் திறக்கப் போனாள். கால்மாட்டில் நின்ற ஷாமலா போனை வாங்கினாள். சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னால் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப்போகிறான்.

"அண்ணே, அப்பா சரின்னு சொல்லல."

"என்ன சொல்ற? நான் என் கண்ணால பாத்தேன்."

"தலையாட்டினாரு. சரின்னு சொல்லல."

காலையில் வந்து பார்த்த டொக்டர் துஷ்யந்தி யாழ்ப்பாணத்தவர். எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவர். "நெஞ்சு ரெண்டு பக்கமும் சளி பிடிச்சிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் மெஷினில போடுவினம், கொஞ்ச நாள் இழுக்கலாம். வீட்டில வச்சிருந்தால் இண்டைக்கோ நாளைக்கோ. மூச்சு முட்டாமல் இருக்க நான் மருந்து தாறன். ரெண்டும் பிழையில்லை. அவருக்கு என்ன விருப்பம் எண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன வருஷமும் இதே சளிதான். அப்போது அந்தோனி மெஷினில் கிடந்து மீண்டு வந்தார். வாய்க்குள் போட்ட குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று அவருடைய இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டி வைக்க வேண்டியிருந்தது. வலது கையும் பேச்சும் அதற்கு முன்பே பாரிசவாதத்தில் போய்விட்டன. மிஞ்சியிருந்த ஒரு கையையும் கட்டிவைத்த அந்த நாட்களை ஷாமலா மறக்கவில்லை. அவர் மறந்திருப்பாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேட்கச் சொன்னது சரிதான். ஆனால் அந்தோனியிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை. மனுசன் கண்டியில் ஒரு துணிக்கடையில் காலமெல்லாம் நின்றவர். "இதுல நீலம் இருக்கா?" என்று கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் "இருக்குங்க" என்று சொல்லிப் பழகிய வாய். இருக்கிறதா இல்லையா என்று அப்புறம்தான் தேடுவார். பேச்சுப் போன பிறகு வாயின் உத்தியோகத்தைத் தலை எடுத்துக்கொண்டது. கஞ்சி வேணுமா? ஆடும். கொண்டுவந்து வைத்தால் குடிக்கமாட்டார். ஜன்னலைச் சாத்தவா? ஆடும். சாத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கிறேஸோ வாயைத் திறந்தால் மூடாதவள். அந்தத் தலை ஆடக்கூட இடம் கொடுக்காமல் கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி முடித்துவிடுவாள்.

முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆட வந்துகொண்டிருந்த கூட்டாளிகளும் மெல்ல நின்றுபோனார்கள். அந்த ஆட்டத்தில் பாதி சீட்டு, பாதி வாய். வாயில்லாத மனுசனோடு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அப்போதுதான் ஷாமலா அந்தக் காரியத்தைச் செய்தாள். பல்லேகலயில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலை அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் பெண்களெல்லாம் போனில் போக்கர் ஆடுவார்கள். காசு கிடையாது, பந்தயத்துக்கு ஆட்டமே தரும் இலவச வில்லைகள்தான். அதை அப்பாவின் போனிலும் போட்டுக்கொடுத்தாள். இடது கைப் பெருவிரல் ஒன்று போதும். சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம், எதிராளி வைத்த அளவுக்கு வைக்கலாம், அல்லது கூட்டலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாருக்கும் முகமும் இல்லை, பேச்சும் இல்லை. நெடுநாளைக்குப் பிறகு அந்தோனி எல்லோருக்கும் சமமாக ஒரு மேசையில் உட்கார்ந்தார்.

மாதா சுரூபத்துக்கு முன்னால் சூதாட்டமா என்று கிறேஸ் முறைத்தாள். காசில்லாத சூதில் என்ன பாவம் என்று பங்குச்சாமியாரே சிரித்த பிறகுதான் அடங்கினாள்.

அப்பா கெலிஓயா வீட்டில், மகள் பல்லேகலயில், மேசை ஒன்று. ஆரம்பத்தில் ஷாமலா தோற்றுக்கொண்டே இருந்தாள். தோற்றுத் தோற்றுத்தான் படித்தாள். தோற்ற கோபத்தோடு அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்தால் அதுவும் போய்விடும், எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரவேண்டும். இவ்வளவு வைத்துவிட்டோமே என்பதற்காக மேலும் மேலும் வைக்கக்கூடாது. சரியாக ஆடியும் தோற்கலாம், தோற்றதனாலேயே ஆடியது தப்பாகிவிடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பதுதான். அவளாகக் கண்டுபிடித்தது வேறொன்று. முகம் தெரியாத மேசையில், ஒருவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது மட்டும் தெரியும். அப்பா சட்டென்று அள்ளி வைத்தால் கையில் ஒன்றுமில்லை. நேரத்தைக் காட்டிப் பெயரைச் சுற்றி ஓடும் பச்சை வளையம் முடியப்போகும் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு விரலை வைத்தால் கையில் நல்ல சீட்டு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவரை ஜெயிப்பது சுலபமாகிவிட்டது. அதைவிட, வீட்டில் அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிய ஆரம்பித்தது. கேட்க வேண்டும். உடனே ஆடும் தலையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் போகக் கண் திரும்பும், கை நகரும். அதுதான் அப்பா சொல்வது.

இதை அண்ணனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவள் இரண்டு வசனத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"சீட்டு வெளாண்டு படிச்சியா?" றொட்னியின் குரல் உடைந்தது. "அப்பாட உசிரு உனக்கு வெளையாட்டா? நான் அங்க இல்ல ஷாமலா. இங்கருந்து என்னால செய்யக்கூடியது இது ஒண்ணுதான். அதையும் வேணாங்கிறியா?"

சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை காலமும் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்தவள் அவள். ஆனால் அவன் அழுவதும் தெரிந்தது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்க நேரமில்லை. மூச்சை இழுத்து விட்டாள். போனைக் கட்டிலுக்கு நேரே திருப்பினாள்.

"அப்பா, உங்கள நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போய் ரேஸ் குதிரையில ஏத்தி விடவா?"

தலை உடனே ஆடியது.

மடித்த சாரத்தோடு நின்ற கிறேஸ் "மாதாவே!" என்றாள்.

"இப்ப நான் கேக்கப்போறேன். அண்ணே, நீங்க பேசக்கூடாது. அம்மா, நீங்களும்."

ஷாமலா போனை அவர் முகத்துக்கு நேரே கட்டில் சட்டத்தில் சாய்த்துவிட்டு, முழங்காலில் இருந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவருடைய இடது கைக்கு இரு பக்கமும் விரித்து வைத்தாள். "அப்பா, இந்தக் கை ஆஸ்பத்திரி. இந்தக் கை வீடு. உங்களுக்கு எது வேணுமோ அதைப் புடிங்க. அவசரமில்ல."

தலை ஆடியது. அவள் அசையவில்லை. மெயின் ரோட்டில் கம்பளை பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. கிறேஸின் வாய் இரண்டு தடவை திறந்தது, இரண்டு தடவையும் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். தூரத்தில் அம்புலன்ஸின் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஷாமலா தன்னையே கேட்டுக்கொண்டாள். நான் நினைப்பதைத்தான் அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா? ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டால்? சொன்னால் போகவேண்டியதுதான். கூடவே ஏறிப் போகவேண்டியதுதான். அவள் இரண்டு கையையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்தோனியின் கண் திறந்தது. மகளைப் பார்த்தார், போனில் இருந்த மகனை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல்கள் விரிப்பைப் பிறாண்டிக்கொண்டு நகர்ந்தன. வீடு என்று அவள் சொன்ன கைக்குள் வந்து, இறுகப் பிடித்துக்கொண்டன.

"அம்புலன்ஸ அனுப்பிருங்க" என்றான் றொட்னி.

அம்புலன்ஸில் வந்த இளைஞன் நாடி பார்த்தான், டொக்டரோடு போனில் பேசினான், அந்தோனியின் கால் பாதத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனான். வாசலில் அம்புலன்ஸ் திரும்பிப் போவதை ஷாமலா பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாக ஆடியும் தோற்கலாம் என்று போனில் படிப்பது வேறு, வீட்டு வாசலில் நின்று விழுங்குவது வேறு.

குசினியில் கிறேஸ் அடுப்பில் ஒன்றுமில்லாமலே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப ஒடனே சொல்ற சரியெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள்.

"பொய்யில்லம்மா. அப்ப அவரு இன்னும் யோசிக்கலன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்பிடித்தான்." கிறேஸ் கரண்டியைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். "எங்கப்பா, 'தம்பி, புள்ளைய புடிச்சிருக்கா'ன்னு கேட்டு முடிக்கல. சரிங்கன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கு அது பெரிய சந்தோசம்."

இத்தனை வருஷம் கழித்து, அதுவும் இன்றைக்கு, இந்த மனுஷிக்கு இப்படி ஒரு முள்ளைத் தைத்துவிட்டோமே என்று ஷாமலா பதறினாள். "அம்மா, அப்பிடியில்ல, அது வந்து..." என்று தொடங்கினாள். கிறேஸ் கரண்டியை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவு ஒருநாளும் முழுதாகச் சாத்துப்படாது. இடுக்கு வழியே, கதிரையைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மா குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. சின்னதாக ஒரு கேள்வி. 'புடிச்சிருக்கா' என்ற ஒரு சொல்தான் வெளியே கேட்டது. சொல்லிவிட்டு நிமிர்ந்து, மடியில் தன் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செபமாலை சொல்லும்போதுகூட முந்திக்கொண்டு அடுத்த மணிக்குப் போகிறவள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷாமலா அங்கே நிற்பது சரியில்லை என்று பட்டு, பின்வாசலுக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள். எடுத்து, மடித்து, மறுபடியும் உதறி மடித்தாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு கிறேஸ் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "பசிக்குது. ஏதாச்சும் சாப்பிடுவோம் வா" என்றாள். இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். கிறேஸ் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் மழை பிடித்தது. மருந்தின் புண்ணியத்தில் அந்தோனியின் மூச்சு இரையவில்லை. தூரம் தூரமாக வந்து, நின்றது. அவருடைய இடது கையை யாரும் கட்டியிருக்கவில்லை, அது கிறேஸின் கைக்குள் இருந்தது. போனில் றொட்னி ஒன்றும் கேட்காமல் கூடவே இருந்தான்.

அவன் வந்து சேர்ந்த மறுநாள் அடக்கம். பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்குவதற்கு இன்னும் நேரமிருந்தது. வீடு முழுக்கச் சனம். றொட்னி தங்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. நேருக்கு நேர் என்ன கேட்கப்போகிறானோ?

"அந்தக் குதிரைய எங்கருந்துடி புடிச்ச?" என்றான் குனிந்து.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு சேர்ந்து இத்தனை நேரமும் வராத அழுகையும் வந்தது. அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். "நான் ரெண்டு மாசம் இருப்பேன். அந்த ஆட்டத்த எனக்கும் சொல்லிக்குடு" என்றான்.

அப்போதுதான் அடுத்த வீட்டு முஸ்லிம் மனுசி சித்தி றலியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டிக்குத் தலைமாட்டில் நின்ற கிறேஸின் கையைப் பிடித்தாள். "எவ்வளவு நல்ல மனிசன். வாய்ப்பேச்சு இல்லாமலே போயிட்டாரே கிறேஸக்கா. கடைசி நேரத்துலயாவது ஒங்கக்கிட்ட ஏதும் சென்னாரா?"

றொட்னி பதில் சொல்ல வாயெடுத்தான். ஷாமலா அவன் முழங்கையைத் தொட்டாள்.

கிறேஸ் பதில் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று சித்தி றலியா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் யாரோ கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். பக்கத்தில் நின்றவர்களின் பேச்சும் குறைந்து அடங்கியது.

"ம்... சொன்னாரு" என்றாள் கிறேஸ்.

பிறகு குனிந்து, ஒரு பக்கம் மடிந்திருந்த அவருடைய சட்டைக் கொலரை விரலால் நீவி நிமிர்த்திவிட்டு, பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, சித்தி றலியாவுக்கும் நகர்ந்து இடம் விட்டாள்.