மேல் கட்டில்

சிட்டுக்குக் கல்லூரி விடுதியில் மேல் கட்டில்தான் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவளுடைய அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரே அறை, இரண்டு பெண்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் கட்டில்கள். கூட இருக்கப்போகிறவள், அவளும் தமிழ்ப் பெண்தான், ஒரு வாரம் முன்பே போய் இறங்கி, கீழ்க்கட்டிலில் படுக்கையை விரித்துப் படமும் அனுப்பிவிட்டாள். ஓட்டப் பந்தயத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவளாம், ஏணி ஏற முடியாதாம். இந்த வீட்டில் அன்றே அவளுக்கு முழங்கால்காரி என்று பெயர் வைத்தாயிற்று.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் கட்டிலின் தடுப்புக் கம்பி ஒரு சாண் உயரம்கூட இல்லை. கீழே சிமெண்டுத் தரை. சிட்டுக்கு வலிப்பு உண்டு. பத்து வயதில் ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, அநேகமாகத் தூக்கத்திலேயே வரும்.

வலிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழங்கியதில்லை. 'அது' என்பார்கள். 'அது வந்து ஏழு மாசமாச்சு' என்பார்கள். சொந்தபந்தத்துக்கு மயக்கம், பள்ளிக்கூடத்துக்கு ரத்தக் குறைவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை எட்டு வருஷமாக ஒரு பருக்கை சிந்தாமல் செய்துவந்தவள் அம்மா. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அவள் கட்சி. விடுதி விண்ணப்பத்தில் 'நோய் ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியதும் அவள்தான்.

போகிற ஊரோ இரண்டு நாள் ரயில் தூரத்தில், பாலைவனத்தின் நடுவில் இருந்தது. சூரிய மின்சாரம் படிக்க வேண்டும் என்று சிட்டு ஒற்றைக் காலில் நின்றாள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடத்தில்தானே அந்தப் படிப்பை வைப்பார்கள். ஆனால் தூக்கம் கெட்டாலும் உடம்பில் நீர் வற்றினாலும் 'அது' வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே நாற்பத்தாறு டிகிரி. அம்மா தினமும் காலையில் அந்த ஊர் வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தாள்.

"உயரம்னா பயம்னு சொல்லி கீழ்க்கட்டிலை வாங்கிக்கயேன்டி."

"முழங்கால் போனவளை ஏணியில ஏத்தச் சொல்றியாம்மா?"

அம்மா மறுபடியும் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள்.

புறப்பட இரண்டு நாள் இருந்தது. நடுக்கூடத்தில் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அம்மா பதினைந்து வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள். பெயரில்லாத மாத்திரையும் விஷமும் ஒன்று என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் திட்டுபவள். அவளே அன்று மூன்று மாதத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, ஒரு காலி வைட்டமின் டப்பாவில் போட்டுப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். அட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறது. அதைக் கைபேசியில் தட்டினால் நோயின் பெயர் வந்து நின்றுவிடுமே! முழங்கால்காரி பார்த்துத் தொலைத்தால்?

வைத்துவிட்டுத் துணி மடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அப்பா காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர், இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.

"உடம்பெல்லாம் ஒரே அலுப்பு. பிள்ளையோட வைட்டமின்ல ரெண்டு போட்டுக்கிட்டேன். குறைஞ்சா ரெண்டு வாங்கிப் போட்டுடு," என்றார்.

அம்மாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. பழக்கமில்லாத உடம்பில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு மணி நேரத்தில் தூக்கம் ஆளைத் தள்ளும். ஒரு மணி நேரத்தில் இந்த மனிதர் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் போய்க்கொண்டிருப்பார்.

"ஐயோ, அது வைட்டமின் இல்லைங்க! உட்காருங்க! இன்னைக்கு வண்டி எடுக்காதீங்க!"

டாக்டருக்குப் போன் போட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை, வண்டியைத் தொடக்கூடாது, பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்றார். அப்பா டிப்போவுக்குப் போன் போட்டார். அங்கேயும் உண்மை போகவில்லை, காய்ச்சல்தான் போயிற்று. பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் மெல்லக் கண்ணயர்ந்தார்.

சிட்டு டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு அது இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியும். அவருக்கே டப்பாவைப் பார்த்தா ஒண்ணும் புரியலையேம்மா. அங்க நான் பேச்சுமூச்சில்லாம கிடந்தா இது என்னன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு பயமா இருக்கும்மா. போகவும் பயமா இருக்கு, போகாம இருந்துடுவேனோன்னும் பயமா இருக்கு."

அம்மா குனிந்து அப்பாவின் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கூட இருக்கப்போற அந்தப் பொண்ணுக்குப் போனைப் போடு. இல்லைன்னு எழுதினவ நான். நானே சொல்றேன்."

மறுமுனையில் உற்சாகமான குரல். அறையை மாற்றிக்கொண்டு ஓடிவிட்டால்? விடுதி முழுக்கச் சொல்லிவிட்டால்? "என் பொண்ணுக்கு வலிப்பு இருக்கும்மா," என்றாள்.

அங்கே அவள் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப மேல படுக்கக்கூடாதே ஆன்ட்டி. மெத்தையை இறக்கித் தரையில போட்டுக்கலாம், இடம் இருக்கு," என்றாள் அந்தப் பெண். "வந்தா நான் என்ன பண்ணணும்?"

எட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. யாருக்காவது தெரிந்தால்தானே கேட்பார்கள். அம்மா மடமடவென்று சொன்னாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வை. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காத. ஸ்பூன், தண்ணி எதையும் வாய்ல வைக்காத. மணியைப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

சிட்டு சுவரோரம் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷங்களில் தனக்கு என்ன நடக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

"அப்புறம் ஆன்ட்டி?"

"முழிச்சதும் எங்க இருக்கோம்னே அவளுக்குப் புரியாது. அம்மா எங்கன்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் முதல்ல கேப்பா."

"அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

இத்தனை வருஷமும் கேட்ட மறுகணமே 'இருக்கேன்டி' என்று கையைப் பிடித்தவள் அவள். இனி அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் நடுவில் இரண்டு நாள் ரயில்.

"இதோ வந்துட்டாங்கன்னு சொல்லும்மா," என்றாள். "அவ நம்புற மாதிரி சொல்லு."